தலை வழுக்கிய போல்ட்: மாருதி 800 தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றிய கதை

மாருதி 800-இல் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் வெந்நீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) மூடியைப் பிடித்திருப்பவை இரண்டே போல்ட். 12-ஆம் நம்பர் ஸ்பேனர், ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கைச் சுரண்ட ஒரு பிளேடு, புதுத் தெர்மோஸ்டாட், புதுப் பேக்கிங். இவ்வளவு இருந்தால் அரை மணி நேர வேலை என்று எந்த மெக்கானிக்கும் சொல்வார். இரண்டு போல்ட்டும் ஒழுங்காகக் கழன்று வந்தால் அது உண்மைதான். எனக்கு ஒன்று வந்தது. மற்றொன்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு முழுவதும்.

வண்டி மாமாவுடையது. தொண்ணூறுகளின் கடைசியில் வாங்கிய கார்புரேட்டர் 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், எஃப்8பி எஞ்சின். 1983 டிசம்பரில் சந்தைக்கு வந்த வண்டி இது. 2014 ஜனவரியில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். இருந்தாலும் சென்னையில் ஜி.பி. ரோட்டில் இதற்குப் பாகம் கேட்டால் யாரும் முகத்தைச் சுளிப்பதில்லை. புதுப்பேட்டைக்குப் போனால் பழைய பாகமும் கிடைக்கும். அதனால்தான் இந்த வண்டிகளைப் போராடிச் சரிசெய்வதில் இன்னும் அர்த்தம் இருக்கிறது.

கோளாறு இதுதான்: சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, வண்டி ஓட ஆரம்பித்தாலும் இறங்க மறுக்கிறது. பானெட்டைத் திறந்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை வெளியிலிருந்து தொட்டுப் பார்த்தேன். எஞ்சின் கொதிக்கிறது, ஹோஸில் வெதுவெதுப்புகூட இல்லை. வெந்நீர் ரேடியேட்டருக்கே போகவில்லை என்று அர்த்தம். 82 டிகிரியில் திறக்க வேண்டிய தெர்மோஸ்டாட் திறக்காமல் மூடியே கிடக்கிறது.

இந்த இடத்தில் நம் ஊர் மெக்கானிக்குகள் பலர் ஒரு குறுக்குவழி சொல்வார்கள். "நம்ம ஊரு சூட்டுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு சார், கழட்டிப் போட்டுட்டு மூடிடலாம்." மாமாவுக்கும் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் காலையில் சூடேறவே வெகுநேரம் பிடிக்கும். அதுவரை பெட்ரோலை அதிகம் குடிக்கும், ஆயிலில் ஈரம் தங்கிக் கசடு சேரும். வெளியே 38 டிகிரி இருந்தாலும் எஞ்சினுக்கு அது குளிர்தான். ஆக, புதுசு வாங்கிப் போடுவது என்று முடிவு.

கூலண்ட்டை வடித்துவிட்டு ஹோஸைக் கழற்றினேன். கூலண்ட் என்று சொல்வதே அதிகம். செங்கல் நிறத்தில் துருத் தண்ணீர். பல வருடமாக வீட்டு போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். கடலோரத்து போர் தண்ணீரில் இருக்கும் உப்பு அலுமினியத்துக்கு எமன்.

முதல் போல்ட் கொஞ்சம் முனகிவிட்டு வந்தது. இரண்டாவதில் ஸ்பேனரை வைக்கும் முன்பே தெரிந்துவிட்டது, இதை யாரோ ஏற்கெனவே ஒரு கை பார்த்திருக்கிறார்கள் என்று. ஆறு முனைகளில் நான்கு மழுங்கிப் பளபளவென்றிருந்தன. ஒரு பட்டையில் உளி வைத்து அடித்த வெட்டுக்காயம் வேறு. தலை மழுங்கிய விதத்தைப் பார்த்தால் காரணத்தை ஊகிக்க முடியும். ஜப்பான் அளவில் 8 எம்.எம். போல்ட்டுக்குத் தலை 12 எம்.எம். பழைய பட்டறைகளில் இன்னும் அரை அங்குல ஸ்பேனர் புழங்குகிறது, அது 12.7 எம்.எம். பார்க்கப் பொருந்துவது போலவே இருக்கும். ஆனால் அந்த 0.7 எம்.எம். இடைவெளியால் ஸ்பேனர் பட்டையில் உட்காராமல் முனையில் மட்டும் நின்று அழுத்தும். போல்ட் இளக்கமாக இருந்தால் பிரச்சினை இல்லை. இறுகியிருந்தால் முனை போய்விடும்.

போல்ட் கெடுவதில் மூன்று விதம் உண்டு. தலை மழுங்குவது, தண்டு முறிவது, மரை பிய்ந்துகொள்வது. முதலாவது இருப்பதிலேயே சாதுவானது. இரும்பு முழுசாக இருக்கிறது, பிடிக்கத்தான் வழியில்லை. முதலாவதோடு முரட்டுத்தனமாக மல்லுக்கட்டினால் இரண்டாவது வரும். இரண்டாவதில் ட்ரில்லை எடுத்துக் கோணலாகத் துளை போட்டால் மூன்றாவதும் சேர்ந்துகொள்ளும். ஒரு போல்ட் மூன்று கட்டத்தையும் கடந்து, கடைசியில் மேனிஃபோல்டையே (சிலிண்டர்களுக்குக் காற்றும் பெட்ரோலும் போகும் குழாய்த்தொகுதி, போல்ட் ஏறியிருப்பது இதில்தான்) மாற்றும் நிலைக்கு வருவதைப் பட்டறைகளில் சாதாரணமாகப் பார்க்கலாம்.

அதனால் தலையை எப்படிப் பிடிப்பது என்று யோசிப்பதற்கு முன், போல்ட்டை எது பிடித்திருக்கிறது என்று யோசிக்க வேண்டும். இங்கே போல்ட் இரும்பு. மூடியும் இன்டேக் மேனிஃபோல்டும் அலுமினியம். இரண்டு உலோகத்துக்கும் நடுவில் உப்புத் தண்ணீர் கசிந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அதில் தேய்ந்து கரைவது அலுமினியம்தான். கரைந்தது வெள்ளைப் பொடியாக அங்கேயே படியும். அந்தப் பொடிக்குக் கரைந்த உலோகத்தைவிடக் கூடுதல் இடம் தேவை. இடம் இல்லாததால் போல்ட்டைச் சுற்றி நெருக்கி இறுக்கும். இரும்பும் இரும்பும் துருவில் ஒட்டுவதைவிட இது மோசம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூடியின் துளையில் மரை கிடையாது; போல்ட் அதன் வழியே சும்மா நுழைந்து கீழே மேனிஃபோல்டில்தான் மரை ஏறுகிறது. அந்தச் சும்மா துளையிலும் வெள்ளைப் பொடி அடைத்திருக்கும். அதாவது போல்ட்டை இரண்டு இடம் பிடித்திருக்கின்றன: மேலே மூடி, கீழே மரை. தலையோரத்தில் நாம் விடும் எண்ணெய் முதலாவதைத் தாண்டி இரண்டாவதை எட்டவே எட்டாது. "எண்ணெய் ஊத்தி ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன், ஒண்ணும் நடக்கல" என்று பலர் புலம்புவதற்குக் காரணம் இதுதான்.

தெரிந்தும் ஊறப்போட்டேன், அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. கம்பி பிரஷ்ஷால் தலையைச் சுற்றிச் சுத்தம் செய்து, டபிள்யூடி-40 என்ற ஊடுருவும் எண்ணெய் அடித்து, போல்ட் தலையின் மேல் ஒரு பித்தளைக் கட்டையை வைத்துச் சுத்தியலால் நேராக நாலு தட்டு. பலமாக அடிக்க வேண்டியதில்லை, 'டங் டங்' என்று ஓசை வந்தால் போதும். அந்த அதிர்வில்தான் பொடி உதிரும், எண்ணெய் நுழைய வழி கிடைக்கும். சாயங்காலம் ஒரு முறை, படுக்கப்போகும் முன் ஒரு முறை, காலையில் ஒரு முறை.

மறுநாள் பிடிக்கும் வேலை. 12 எம்.எம். தலை மழுங்கிவிட்டால் 11 எம்.எம். சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து இறக்குவது பழைய வித்தை. சாக்கெட் ஆறு பட்டையாக இருக்க வேண்டும். பன்னிரண்டு பட்டை சாக்கெட்டில் இதைச் செய்தால் மிச்சமிருக்கும் முனையும் போகும். சாக்கெட்டுக்குள் தலை நேராக இறங்கும்படி அரத்தால் ஓரங்களை லேசாகச் சீவிவிட்டு அடித்து ஏற்றினேன். கல் மாதிரி உட்கார்ந்தது. இப்போது ராட்செட் வேண்டாம், நீளமான டி-ஸ்பேனர் கைப்பிடி. எடுத்த எடுப்பில் கழற்றும் பக்கம் திருப்பாமல், ஒரு மயிரிழை இறுக்கும் பக்கம் தள்ளிவிட்டுப் பிறகு திருப்பினேன்.

திரும்பியது. ஆனால் திரும்பிய விதம் சரியில்லை.

இதை எழுத்தில் சொல்வது கஷ்டம், ஆனாலும் சொல்ல வேண்டும். இறுகிய போல்ட் விடும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும், கையில் ஓர் அதிர்ச்சி தெரியும், அதன் பிறகு பாரம் குறையும். முறியப்போகும் போல்ட் அப்படி இல்லை. சத்தமே இல்லாமல் மெத்தென்று கொஞ்சம் கொஞ்சமாக இழுபடும். கையை எடுத்தால் பாதி திரும்பிப் போகும். அப்போது தலை மட்டும்தான் சுற்றுகிறது, கீழே மரை அசையவில்லை, நடுவில் தண்டு முறுக்கிக்கொள்கிறது. இன்னும் கால் சுற்று சுற்றினால் முறியும், அதுவும் நமக்கு வசதியான இடத்தில் முறியாது. கையை எடுத்துவிட்டேன்.

பொதுவாக அடுத்த வழி சூடு. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், 8 எம்.எம். துளையை 100 டிகிரி சூடேற்றினால் போல்ட்டைவிடத் துளை ஓர் எம்.எம்-இல் நூறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூடுதலாக விரிகிறது. அந்த இத்தனூண்டு இடைவெளியே பொடியின் பிடியை உடைக்கப் போதும். ஆனால் 800-இல் இந்த மேனிஃபோல்டின் தலையில்தான் கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதன் கிண்ணத்தில் பெட்ரோல். அங்கே கேஸ் டார்ச்சைக் கொண்டுபோகிறவருக்குப் போல்ட்டைத் தவிர வேறு கவலைகளும் வந்து சேரும். வண்டியில் வைத்துச் சூடு காட்டும் பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே தலையை நானே வெட்டி எடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன். கேட்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். யோசித்தால் நியாயம் தெரியும். போல்ட் தானாக முறிந்தால் எங்கே முறியும் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் மரை தொடங்கும் இடத்தில், மேனிஃபோல்டின் மட்டத்தோடு முறிந்து கைக்குப் பிடியே இல்லாமல் போகும். தலையை மட்டும் எடுத்தால் மூடியைத் தூக்கிவிடலாம். மூடியின் கனத்துக்குச் சமமான தண்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பிடிக்க ஓர் இடம் கிடைக்கிறது. போல்ட் மூடியை இறுக்கிய இழுவிசையும் தலையோடு போய்விடுகிறது. பிடித்திருந்த இரண்டு இடத்தில் ஒன்று கணக்கிலிருந்து கழிந்துவிடும்.

சாக்கெட் தலையைக் கவ்வியபடியே இருந்தது; அதன் துளை வழியாகவே தலையின் நடுவில் சென்டர் பஞ்ச். இதற்கு மட்டும் நேரம் எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை. நடுப்புள்ளி ஓர் எம்.எம். விலகினாலும் பின்னால் எல்லாம் விலகும். 3 எம்.எம். பிட்டில் வழித்துளை, பிறகு 5, கடைசியாக 8.5. வேகம் குறைவாக, அழுத்தம் அதிகமாக, சொட்டுச் சொட்டாக எண்ணெய். வேகத்தைக் கூட்டினால் பிட் சூடாகி நீலம் பாய்ந்து மழுங்குமே தவிர, இரும்பு அறுபடாது. சரியாகப் போகிறதா என்பதைச் சீவல் சொல்லும்: சுருள் சுருளாக வந்தால் சரி, தூளாக வந்தால் பிட் உரசுகிறது. தலையின் உயரம் ஐந்தரை எம்.எம். பக்கம், அந்த ஆழத்துக்குப் பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வைத்திருந்தேன். டேப் தொடும் நேரத்தில் தலை ஒரு மோதிரமாகக் கழன்று பிட்டோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்தது. மூடி இன்னும் இடத்திலேயே இருந்ததால் சீவல் ஒன்றுகூடத் தண்ணீர் வழிக்குள் விழவில்லை. இந்த வேலையை மூடியைக் கழற்றும் முன் செய்வதில் இப்படியும் ஒரு வசதி.

மூடி அப்போதும் வரவில்லை. எதிர்பார்த்ததுதான். இப்போது துளையின் மேல்வாய் திறந்திருப்பதால் எண்ணெய் நேராக இறங்கியது. மரக்கட்டையை அண்டைகொடுத்து இடமும் வலமுமாகத் தட்டத் தட்ட, மூடி அந்தத் தண்டைச் சுற்றித் துளியளவு திரும்பியது. மற்ற போல்ட் இல்லாததால் திரும்ப இடம் இருந்தது. திருப்பி, எண்ணெய் விட்டு, எதிர்ப்பக்கம் திருப்பி, மறுபடி எண்ணெய். ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பும் ஆசை யாருக்கும் வரும். பேக்கிங் உட்காரும் முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் அது வாழ்நாள் கசிவு, நெம்பவே கூடாது. மூடி மேலேறி வந்தபோது அதன் துளைக்குள் வெள்ளைப் பொடி கெட்டியாக ஒட்டியிருந்தது, சுண்ணாம்புச் சுவர் போல வரிவரியாக. உள்ளே தெர்மோஸ்டாட் துருவில் மூழ்கிக் கிடந்தது. சந்தேகத்துக்கு அதைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். வாயைத் திறக்கவே இல்லை.

நீட்டிக்கொண்டிருந்த தண்டில் லாக்கிங் பிளையரைப் போட்டேன், சறுக்கியது. இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கிக் கீழ் நட்டில் ஸ்பேனர் போடும் வழியும் உண்டு. இங்கே மேலே இருப்பது மரையில்லாத வழுக்கைத் தண்டு, அதனால் அதுவும் இல்லை. இன்னும் முரட்டுப் பிடி பிடிக்கலாம்தான். ஆனால் பாடுபட்டுக் காப்பாற்றிய இந்தப் பத்துப் பன்னிரண்டு எம்.எம். தண்டும் முறிந்துவிட்டால், தலையை வெட்டிய வேலை முழுவதும் வீண். மேனிஃபோல்டைக் கழற்றி மேசைக்குக் கொண்டுபோவது என்று முடிவெடுத்தேன்.

அந்தக் கழற்றலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேட்டரி நெகட்டிவைக் கழற்று, பெட்ரோல் குழாயை அடை, வேக்குவம் ஹோஸ் ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எண் எழுது, கார்புரேட்டரை எடுத்துத் தூர வை, கைக்கு எட்டாத கீழ் நட்டுகளைத் திட்டிக்கொண்டே கழற்று. எஞ்சின் பக்கத்துத் துளைகளில் சுத்தமான துணியை அடைத்து வைத்தேன். மேனிஃபோல்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டேன். பெட்ரோல் வாடை போகும் வரை நெருப்பைக் கிட்டே கொண்டுவரவில்லை.

பிறகு எங்கள் தெரு முனையில் இருக்கும் வெல்டிங் பட்டறை. கேட், கிரில் வேலைதான் அவருக்கு அதிகம். மேனிஃபோல்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது அலுமினியம். நம்மகிட்ட இருக்கிறது இரும்பு ராடு. ஒட்டாது."

"அலுமினியத்துல ஒட்ட வேணாம்ண்ணே. இந்தத் தண்டு மேல ஒரு நட்டை மட்டும் வச்சு ஒட்டிக் குடுங்க."

"ஓ, போல்ட் புடுங்கணுமா?" என்றவர் சிரித்தார். "அதை மொதல்ல சொல்ல வேண்டியதுதானே. போன வாரம்தான் ஒரு டிராக்டருக்குப் பண்ணேன். ஈஸி அவுட்டு எதுவும் உள்ள உடைச்சு வைக்கலியே?"

"இல்லண்ணே."

"அப்போ கவலைய விடுங்க."

இரும்பு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது என்பதுதான் இதில் நமக்குச் சாதகம். தெறிப்பு பட்டாலும் தட்டினால் விழுந்துவிடும். இருந்தாலும் பேக்கிங் முகத்தைக் காப்பாற்ற ஒரு பெரிய வாஷரைத் தண்டில் மாட்டி, அதன் மேல் 10 எம்.எம். நட்டு. தண்டு 8, நட்டின் உள்வாய் எட்டரைக்கு அருகில். உள்ளே ராடை விட்டு நிரப்ப வாகாக இருக்கும். நட்டு கறுப்பு நட்டாக இருக்க வேண்டும். துத்தநாக முலாம் பூசிய பளபள நட்டில் வெல்டிங் சரியாகப் பிடிக்காது, கிளம்பும் புகையும் ஆகாது. முதலில் கேஸ் டார்ச்சால் தண்டைச் சுற்றியிருக்கும் அலுமினியத்தை மட்டும் சூடேற்றினோம். அலுமினியம் இரும்பு போலச் சிவந்து காட்டாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இளகி வழிந்துவிடும். அதனால் சூட்டை அறியத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பதுதான் வழி. தோசைக்கல்லில் போலவே துளி முத்து முத்தாக உருண்டோடினால் போதும், அதற்கு மேல் வேண்டாம்.

அவர் 2.5 எம்.எம். ராடை எடுத்து, நட்டின் நடுவில் தண்டின் நெற்றியிலிருந்து ஆரம்பித்து, வட்டமாகச் சுற்றி நிரப்பிக்கொண்டே மேலே வந்தார். நட்டு ஆரஞ்சு நிறத்தில் ஜொலித்தது. உண்மையான வைத்தியம் அந்தச் சூடுதான். நட்டு கைப்பிடி மட்டுமே. போல்ட்டே உள்ளிருந்து சூடேறி விரிந்து, பொடியை நசுக்கி, பிறகு ஆறிச் சுருங்கும்போது சுற்றிலும் இடம் விடுகிறது. அதனால் வெல்டிங் முடிந்ததும் தண்ணீர் ஊற்றக் கூடாது, உடனே ஸ்பேனரையும் போடக் கூடாது. சிவப்பு போய், இன்னும் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்போது மெழுகுவத்தித் துண்டை மரையோரத்தில் வைத்தேன். மெழுகு உருகி ஓரத்தில் ஒரு கணம் தேங்கி நின்றது, பிறகு சட்டென்று உள்ளே உறிஞ்சப்பட்டது. இவ்வளவு நேரமும் எண்ணெய் போக மறுத்த இடம் அது.

17 நம்பர் ஸ்பேனர். முதல் நட்டு தண்டிலிருந்து பிய்ந்து வந்துவிட்டது. பட்டறைக்காரர் அலட்டிக்கொள்ளவில்லை, இது வழக்கம்தானாம், ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் போல்ட் இன்னொரு முறை சூடு வாங்கிக்கொள்கிறது. தண்டின் நெற்றியை அரத்தால் சுத்தம் செய்து, புது நட்டு வைத்து மறுபடி ஒட்டினார். ஆறவிட்டு, மெழுகு கொடுத்து, இறுக்கும் பக்கம் ஒரு துளி, கழற்றும் பக்கம் ஒரு துளி.

'கிரீச்.'

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நல்ல சேதி என்று புரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஒரே மூச்சில் கழற்றவில்லை. கால் சுற்று வெளியே, கொஞ்சம் உள்ளே, மறுபடி மெழுகு. வெளியே வரும் பொடி மரைக்குள் சிக்கி மீண்டும் இறுகிவிடாமல் இருக்கத்தான் இந்த முன்னும் பின்னும். கடைசி மரை கழன்று போல்ட் கையில் வந்தபோது பட்டறைக்காரர் அதை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். "மரை கொஞ்சம் கூடவே வந்திருக்கு தம்பி" என்றார். அலுமினியம் வெள்ளிக் கம்பி போல ஓரிரு பள்ளங்களில் சுற்றியிருந்தது.

ஈஸி அவுட் பற்றி அவர் முதலில் கேட்ட கேள்விக்கு இங்கே கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். போல்ட்டில் துளை போட்டு, இடது மரையுள்ள கூம்பு ஒன்றை உள்ளே திருகிக் கழற்றும் கருவி அது. பாரிமுனையில் டூல்ஸ் கடைகளில் அழகான பெட்டியில் செட்டாகக் கிடைக்கும். ஆனால் அது செய்வதை யோசித்துப் பாருங்கள். 8 எம்.எம். முழுத் தண்டே முறுக்கிக்கொண்டு முறியப்பார்த்த இடத்தில், அதற்குள் நுழையும் 4 எம்.எம். கருவி என்ன தாங்கும்? மேலும் கூம்பு உள்ளே ஆப்பாக இறங்கி, போல்ட்டை விரித்து மரையோடு இன்னும் இறுக்குகிறது. கருவி நன்றாகப் பதமேற்றிய எஃகு. வளையாது, படக்கென்று உடையும். உள்ளே உடைந்த துண்டைச் சாதாரண ட்ரில் பிட் கீறக்கூட முடியாது. அப்புறம் அம்பத்தூரில் மோல்டு வேலை செய்யும் பட்டறைகளைத் தேடிப்போய், மின்பொறியால் அரித்தெடுக்கும் இடிஎம் மிஷினில் கொடுத்தால்தான் உண்டு. இறுக்கமே இல்லாமல், தலை மட்டும் தெறித்துப்போன போல்ட்டுக்கு ஈஸி அவுட் சரி. அரித்து ஒட்டிக்கொண்ட போல்ட்டுக்கு அதைப் பரிந்துரைக்கிறவர்கள் அதை ஒருமுறைகூட உடைத்துப் பார்க்காதவர்கள். இடது மரை ட்ரில் பிட் அதைவிட எவ்வளவோ மேல். துளை போடும்போதே கழற்றும் பக்கம் சுற்றுவதால் பல நேரம் பாதித் துளையிலேயே போல்ட் சுழன்று வெளியே வந்துவிடும்.

மேனிஃபோல்டுக்கு வருவோம். துளையை ஊதிச் சுத்தம் செய்து புது போல்ட்டைக் கையால் திருகிப் பார்த்தேன். இரண்டு சுற்று வரை தொளதொளப்பு, அதன் பிறகு ஏதோ பிடிக்கிறது. மிச்ச மரையை நம்பி 'மெதுவாக இறுக்கிக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. வெந்நீரை அழுத்தத்தோடு அடைத்து வைக்கும் இடம் இது. பாதி மரையை நம்ப எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் பெரிய போல்ட்டாகப் போட்டு, அதற்கேற்ப டாப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) அடிப்பது ஒரு வழி. ஆனால் மூடியின் துளையையும் பெரிதாக்க வேண்டும், அடுத்து கழற்றுகிறவர் ஒன்று 12, ஒன்று வேறு நம்பர் என்று குழம்புவார். ஹெலிகாயில் போட்டேன்.

ஹெலிகாயில் என்பது வைர வடிவக் குறுக்குவெட்டுள்ள ஸ்டெயின்லெஸ் கம்பியாலான சுருள். பழைய துளையைப் பெரிதாக்கி, அதற்கென்றே இருக்கும் டாப்பால் மரை வெட்டி, சுருளை உள்ளே திருகினால் உள்பக்கம் பழைய அளவிலேயே புது மரை கிடைக்கும். 8 எம்.எம்., 1.25 பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி, எம்.எம்-இல்) மரைக்கு 8.3 எம்.எம். பிட், செட்டிலேயே வந்தது. மேனிஃபோல்டை வைஸில் மரத்துண்டுகளுக்கு நடுவே பிடித்து, மூலைமட்டம் வைத்துச் செங்குத்தாக ட்ரில் இறக்கினேன். துளை அடி மூடியது, அதனால் ஆழத்தை முன்பே அளந்து பிட்டில் டேப் சுற்றி வைத்தேன். டாப் அடிக்கும்போது மண்ணெண்ணெய் விட்டால் அலுமினியம் வெண்ணெயாக வெட்டுப்படும். விடாவிட்டால் சீவல் டாப்பின் பல்லில் அப்பிக்கொண்டு மரையைக் கிழிக்கும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே.

சுருளின் அடியில் குறுக்காக ஒரு சின்ன நாக்கு இருக்கும். திருகும் கருவி அதைப் பிடித்துத்தான் சுருளை இறக்குகிறது. சுருளின் மேல்முனை துளையின் விளிம்புக்கு அரைச் சுற்றுக் கீழே போய் நிற்க வேண்டும். விளிம்போடு நின்றால் பேக்கிங்கைத் தூக்கும். பிறகு மெல்லிய கம்பியால் நாக்கைக் கீழ்நோக்கி ஒரு தட்டு. 'டிக்' என்று உடையும். உடைந்த துண்டை மறக்காமல் வெளியே எடுக்க வேண்டும், காந்தத்தில் சரியாக ஒட்டாது. நான் ஸ்க்ரூ டிரைவர் முனையில் கிரீஸ் தடவி எடுத்தேன்.

பேக்கிங் முகம் இரண்டையும் பிளேடால் சுத்தம் செய்து, மூடியின் முகத்தை மட்டும் தடித்த கண்ணாடியின் மேல் உப்புத்தாள் வைத்து எட்டு வடிவத்தில் தேய்த்தேன். ஓரத்தில் அரித்த பள்ளம் ஒன்று முழுதாகப் போகவில்லை. அதற்காக மட்டும் பேக்கிங்கில் மெல்லிசாக அனபாண்ட் என்ற கசிவடைக்கும் பசையைத் தடவினேன். நம் ஆட்கள் தடவுவது போல வெளியே பிதுங்கும் அளவுக்கு அல்ல. வெளியே பிதுங்கினால் உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அந்தத் துண்டு பிய்ந்து ரேடியேட்டர் குழாயில் போய் அடைக்கும். தெர்மோஸ்டாட்டில் காற்று வெளியேறும் சின்ன ஆணி மேலே பார்க்கும்படி வைத்து மூடினேன்.

போல்ட் இரண்டும் புதுசு, துத்தநாக முலாம் பூசிய 8.8 கிரேடு (போல்ட்டின் வலிமையைச் சொல்லும் எண்). "ஸ்டெயின்லெஸ் போட்டா துருவே பிடிக்காதே" என்று மாமா கேட்டார். போல்ட் துருப்பிடிக்காது மாமா, சுற்றி இருக்கும் அலுமினியம்தான் இன்னும் வேகமாக அரிக்கும் என்றேன். மரையிலும், மூடிக்குள் போகும் வழுக்கைத் தண்டிலும் ஆன்டி-சீஸ் பேஸ்ட் (உலோகங்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பசை) தடவினேன். தண்டை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இந்த வண்டியில் பாதிப் பிடி அங்கேதான் இருந்தது. அலுமினியத்தில் 8 எம்.எம். போல்ட்டுக்கு 20 நியூட்டன் மீட்டர் பக்கம் போதும், பேஸ்ட் தடவியிருந்தால் 15. டார்க் ரிஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: 20 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் 10 கிலோ எடை தொங்கினால் ஏறக்குறைய 20 நியூட்டன் மீட்டர். பட்டறைகளில் ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி இறுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது நம்ப முடியாத அளவு குறைவாகத் தோன்றும்.

மேனிஃபோல்டுக்குப் புதுப் பேக்கிங், கார்புரேட்டர், ஒட்டிய எண்களின்படி ஹோஸ்கள். ரேடியேட்டரைச் சுத்தத் தண்ணீர் தெளிவாக வரும் வரை அலசிவிட்டு, டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலண்ட் ஊற்றினேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தே ஸ்டார்ட் செய்து ஓடவிட்டேன். குமிழி வந்து வந்து அடங்கியது, மட்டம் இறங்க இறங்க ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் மேல் ஹோஸ் சட்டென்று சூடேறியது. ஃபேன் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. முள் நடுவுக்குக் கீழேயே நின்றுகொண்டது. மூடியைச் சுற்றி வெள்ளைக் காகிதத்தை ஒற்றிப் பார்த்தேன். வண்டி சில நாள் ஓடிய பிறகும் ஒற்றிப் பார்த்தேன். ஈரம் இல்லை.

11 எம்.எம். சாக்கெட் வெட்டிய தலையைக் கவ்விக்கொண்டிருக்கிறது, இன்னும் தட்டி எடுக்கவில்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேலிருக்கும் தகட்டு மூடியை 10 தலை போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. துருவில் அவற்றின் தலை எது, வாஷர் எது என்றே தெரியவில்லை. மாமா வண்டியை விட்டுவிட்டுப் போகும்போதெல்லாம் அவற்றுக்கு எண்ணெய் விட்டு நாலு தட்டுத் தட்டி வருகிறேன்.